மக்கா மாநகரும் மழை வெள்ளமும் – ஒரு வரலாற்றுப் பார்வை



ஹஜ், உம்ரா பயணம் முடித்துத் திரும்புவோரிடம் மக்கா மாநகரைப் பற்றிக் கேட்டால், சுட்டெரிக்கும் வெயிலையும், சூழ்ந்து நிற்கும் மொட்டை மலைகளையும், ஸம்ஸம் நீரின் சுவையையும் பற்றி நெஞ்சம் நெகிழ்ந்து கூறுவார்கள். மழையைப் பற்றிக் கூறுவோர் மிக அரிது. ஓராண்டு முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 110 மில்லிமீட்டர் மழையே பெறுகின்ற ஊர் அது. நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது ஒரே நாளில் கொட்டிவிடக்கூடிய அளவுதான் இது.

ஆயினும், 1941-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்றை நம்மில் பலர் பார்த்திருப்போம். கஅபாவைச் சுற்றி ஏறத்தாழ ஆள் உயரத்திற்கு வெள்ளம் நிற்க, சிலர் அந்நீரில் நீந்திக்கொண்டிருக்கும் காட்சி அது. பாலைவனத்தில் வெள்ளமா என்று வியந்து பார்த்துவிட்டு, அதனை ஓர் அதிசயமாகவே எண்ணி மறந்துவிடுகிறோம். உண்மையில் அது அதிசயமன்று. மக்காவின் வரலாறு நெடுகிலும் வெள்ளம் வந்து போயிருக்கிறது. அவ்வெள்ளத்தை எதிர்கொள்ள அந்நகரத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்த ஏற்பாடுகள், நகரங்களில் மழைநீரைக் கையாள்வது பற்றி உலகெங்கும் பேசப்படுகின்ற இன்றைய காலத்தில் மீண்டும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

பள்ளத்தாக்கில் பிறந்த ஊர்

மக்கா ஓர் ஆற்றங்கரை நகரமன்று, கடற்கரை நகரமுமன்று. ஆனால் அது ஒரு காட்டாற்றின் நடுவில் அமைந்த நகரம். வடகிழக்கிலிருந்து தெற்கு நோக்கி இறங்கும் வாதி இப்ராஹீம் எனும் பள்ளத்தாக்கின் மையத்தில்தான் ஹரம் ஷரீஃப் அமைந்துள்ளது. அரபியில் ‘வாதி’ என்றால், மழை பெய்யும்போது மட்டும் நீர் ஓடி, மற்ற நாட்களில் வறண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு. தமிழில் இதனைக் காட்டாறு எனலாம்.

ஊரின் பகுதிப் பெயர்களே இந்தச் சரிவை நமக்கு உணர்த்துகின்றன. நபித்தோழர்கள் பலர் அடக்கமாகியுள்ள ஜன்னத்துல் முஅல்லா இருக்கும் பகுதி ‘மஅலா’. அதாவது மேட்டுப் பகுதி. ஹரமுக்குத் தெற்கே உள்ளது ‘மிஸ்ஃபலா’. அதாவது தாழ்ந்த பகுதி. மேட்டில் பெய்யும் மழை ஹரமைக் கடந்துதான் தாழ்வை அடைந்தாக வேண்டும். சுற்றிலும் உள்ள மலைகளோ மரமும் மண்ணும் இல்லாத வெறும் பாறைகள். பெய்த நீரை உறிஞ்சிக்கொள்ள அங்கே ஏதுமில்லை. எனவே ஒரு மணி நேரக் கனமழையின் நீர் முழுவதும் சிறிது நேரத்திலேயே பள்ளத்தாக்கில் வந்து குவிந்துவிடுகிறது. இவ்வகை வெள்ளத்தை அரபியர் ‘ஸைல்’ என்பர்.

இதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. ஆற்றங்கரையில் வாழ்பவர் ஒவ்வோர் ஆண்டும் நீரைக் காண்பதால், அதன் வழியை மறப்பதில்லை. காட்டாறோ பல ஆண்டுகள் வறண்டு கிடக்கும். அந்த வறட்சியில் மனிதன் அதனை வெறும் நிலமென்று கருதிவிடுகிறான். அடுத்த வெள்ளம் வரும்போது, அவன் கட்டிய வீடு நீரின் வழியில் நிற்கிறது. மக்காவின் வெள்ள வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஓர் உண்மையே திறவுகோல் ஆகும்.

கஅபாவும் வெள்ளமும்

நபி (ஸல்) அவர்களுக்கு 35 வயதிருக்கும்போது, குறைஷியர் கஅபாவைப் புதுப்பித்துக் கட்டிய நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். ஹஜருல் அஸ்வத் கல்லை யார் பதிப்பது என்று குலங்களுக்கிடையே எழுந்த பூசலை, ஒரு துணியை விரித்து அதன் ஓரங்களை அனைவரும் பற்றித் தூக்கச் செய்து பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்த்து வைத்தார்கள். ஆனால் கஅபாவைப் புதுப்பிக்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதை நாம் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. தீயினாலும் வெள்ளத்தினாலும் அதன் சுவர்கள் வலுவிழந்திருந்தன என்பதே வரலாற்று நூல்கள் கூறும் காரணம். செங்கடற்கரையில் உடைந்துபோன ஒரு கப்பலின் மரங்களைக் கொண்டுவந்து அவர்கள் கூரை அமைத்தனர்.

ஆக, இஸ்லாமிய வரலாறு தொடங்குவதற்கு முன்பே, மழைநீர் அந்நகரத்தின் பெரும் சிக்கலாக இருந்துள்ளது.

ஒரு கயிறும் ஓர் அணையும்

ஹிஜ்ரி 17-ஆம் ஆண்டில் (கி.பி. 638) ஹள்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் பெருவெள்ளம் ஒன்று வந்தது. அதில் அடித்துச் செல்லப்பட்டு இறந்த ஒரு பெண்ணின் பெயரால் அது ‘உம்மு நஹ்ஷல் வெள்ளம்’ என்று அழைக்கப்படுகிறது. அவ்வெள்ளம் மகாமு இப்ராஹீம் கல்லையே பெயர்த்து, மக்காவின் தாழ்ந்த பகுதிக்குக் கொண்டுசென்றுவிட்டது. மக்கள் அதனைத் தேடி எடுத்துவந்து கஅபாவின் அருகில் வைத்தனர். ஆனால் அது முன்பு இருந்த சரியான இடம் எது என்பதில் கலக்கம் ஏற்பட்டது. செய்தி மதீனாவுக்கு எட்டியதும் உமர் (ரலி) அவர்கள் மக்காவுக்கு விரைந்தார்கள்.

அவர்கள் மக்களைக் கூட்டி, “இதன் இடத்தை அறிந்தவர் யாரேனும் உண்டா?” என்ற கருத்தில் வினவியபோது, முத்தலிப் இப்னு அபீ வதாஆ (ரலி) என்பவர் முன்வந்தார். இத்தகைய நாள் ஒன்று வரக்கூடும் என்று அஞ்சி, மகாமு இப்ராஹீமுக்கும் கஅபாவின் மூலைக்கும் வாசலுக்கும் இடையிலுள்ள தூரங்களை ஒரு கயிற்றால் தாம் முன்னரே அளந்து வைத்திருப்பதாகவும், அக்கயிறு தம் வீட்டில் இருப்பதாகவும் அவர் கூறினார். கயிறு கொண்டுவரப்பட்டது. அளந்து பார்த்து, மற்றவர்களிடமும் விசாரித்து உறுதி செய்துகொண்ட பின்னர், மகாமு இப்ராஹீம் அதன் இடத்தில் வைக்கப்பட்டது. மக்காவின் தொன்மை வரலாற்றை எழுதிய அல்-அஸ்ரகீ இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்.

உமர் (ரலி) அவர்கள் இத்தோடு நின்றுவிடவில்லை. மஅலா பக்கமிருந்து வரும் நீர் பள்ளிக்குள் பாயாதவாறு, பெரும் பாறைகளையும் மண்ணையும் கொண்டு மேட்டுப் பகுதியில் ஓர் அணை எழுப்பச் செய்தார்கள். அரபியில் இதனை ‘ரத்மு’ என்பர். வெள்ளம் வந்த பிறகு சேதத்தைச் சீர்செய்வது ஒரு வேலை. அடுத்த வெள்ளம் எந்தப் பக்கம் திரும்பிச் செல்ல வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வது மற்றொரு வேலை. இரண்டையும் ஒரே பயணத்தில் செய்து முடித்த ஆட்சியாளரை நாம் இங்கே காண்கிறோம்.

அந்தச் சாதாரணக் கயிற்றின் சிறப்பையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். முத்தலிப் (ரலி) அவர்கள் பொறியாளர் அல்லர், அதிகாரியும் அல்லர். வெள்ளம் வராத ஒரு நாளில், வெள்ளம் வரக்கூடிய நாளை நினைத்து அளவெடுத்து வைத்த ஒரு குடிமகன், அவ்வளவே. நகரங்களை வெள்ளத்திலிருந்து காக்கும் பணியில் முதற்படி எப்போதும் இதுவாகவே இருந்து வருகிறது.

அடித்துச் சென்ற வெள்ளம்

ஹிஜ்ரி 80-இல் (கி.பி. 700), துல்ஹஜ் பிறை 8 அன்று விடியற்காலையில், ஹாஜிகள் பள்ளத்தாக்கில் தங்கியிருந்த நேரத்தில் மீண்டும் ஒரு பெருவெள்ளம் பாய்ந்தது. மனிதர்களையும் பொதிகளையும் ஒட்டகங்களையும் வாரிக்கொண்டு போனதால், ‘அடித்துச் செல்வது’ எனும் பொருளில் அதற்கு ‘ஜுஹாஃப்’ என்று பெயரிட்டனர். ஊருக்குப் புதியவர்களான ஹாஜிகள், வறண்டு கிடந்த அந்த வழியைத் தங்குவதற்கு ஏற்ற சமநிலம் என்று எண்ணியதில் வியப்பில்லை.

செய்தி அறிந்த கலீஃபா அப்துல் மலிக், மக்காவின் ஆளுநருக்கு ஆணை அனுப்பினார். பள்ளத்தாக்கை ஒட்டிய வீடுகளுக்கும் பள்ளிக்கும் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும்; தெருக்களின் வாயில்களில் அணை போட வேண்டும் என்பது அவ்வாணை. இப்பணிக்கென அவர் ஒரு கிறிஸ்தவப் பொறியாளரை அனுப்பி வைத்தார் என்று வரலாற்றாசிரியர் பலாதுரீ எழுதுகிறார். தெருத் தெருவாக நீர் எவ்வழியே நுழைகிறது என்று பார்த்து, நுழையும் இடத்திலேயே தடுப்பது என்ற இம்முறை, இன்றைய நகரத் திட்டங்களிலும் இடம்பெறும் ஒன்றாகும்.

காட்டாற்றை இடம் மாற்றிய கலீஃபா

அப்பாஸியக் கலீஃபா அல்-மஹ்தீ ஹிஜ்ரி 160-களில் ஹரம் ஷரீஃபை விரிவுபடுத்தினார். விரிவாக்கத்திற்குப் பிறகு, கஅபா பள்ளியின் நடுவில் அமையாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதை அவர் கண்டார். தெற்குப் பக்கம் விரிவாக்க முடியாததற்குக் காரணம், அங்கே காட்டாற்றின் வழி இருந்ததுதான். அந்த இடத்தை எடுத்துக்கொண்டால் வெள்ளம் பள்ளிக்குள் புகும் ஆபத்துண்டு என்று பொறியாளர்கள் எச்சரித்தனர்.

கலீஃபா தம் விருப்பத்தைக் கைவிடவில்லை. ஆனால் எச்சரிக்கையையும் புறக்கணிக்கவில்லை. தெற்கே இருந்த வீடுகள் விலைகொடுத்து வாங்கப்பட்டு இடிக்கப்பட்டன. அந்த இடத்தில் காட்டாற்றுக்குப் புதிய வழி அகழப்பட்டது. அதன் பின்னரே நீரின் பழைய வழி பள்ளியோடு சேர்க்கப்பட்டது. பணி அவர் மகன் அல்-ஹாதீயின் காலத்தில் நிறைவுற்றது.

இங்கே ஒரு நியதியைக் காண்கிறோம். நீரின் வழியை எடுத்துக்கொள்பவர், அதற்கு ஈடான மாற்று வழியை முதலில் கொடுத்தாக வேண்டும். வீட்டை இழந்தவருக்கு விலை கொடுப்பதுபோல, வழியை இழந்த நீருக்கும் வழி கொடுத்தாக வேண்டும். பிற்காலத்தில் எந்த ஊர் இந்த நியதியை மீறியதோ, அந்த ஊர் அதற்குரிய விலையைக் கொடுத்தது.

இதே காலக்கட்டத்தில் ஹாரூன் ரஷீதின் துணைவியார் சுபைதா அம்மையார் செய்த பணியும் குறிப்பிடத்தக்கது. மக்காவுக்கு நீர் கொண்டுவந்த கால்வாய் அவர் பெயரால் இன்றும் ‘ஐனு சுபைதா’ என்று வழங்கப்படுகிறது. கூஃபாவிலிருந்து மக்கா வரும் ஹஜ் பாதையில் ‘பிர்கா’ எனப்படும் மழைநீர்த் தொட்டிகள் பல அமைக்கப்பட்டன. காட்டாற்று வெள்ளத்தை முதலில் ஒரு சிறு தொட்டிக்குள் விட்டு வண்டலைப் படியச் செய்து, தெளிந்த நீரைப் பெரிய தொட்டியில் தேக்கும் முறையைப் பல பிர்காக்களில் காணலாம். ஊருக்குள் அழிவாக வரும் அதே நீர், ஊருக்கு வெளியே தேக்கி வைத்தால் பயணிகளின் உயிர்நீராகிறது என்பதை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர்.

அணைகளையும் மீறிய வெள்ளங்கள்

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பின்னரும் வெள்ளம் வராமல் போய்விடவில்லை. ஹிஜ்ரி 1039-ஆம் ஆண்டு ஷஃபான் மாதத்தில் (கி.பி. 1630) பெய்த பெருமழையால் ஹரமுக்குள் வெள்ளம் நிறைந்தது. மறுநாள் கஅபாவின் வடக்குச் சுவர் முழுவதுமாகவும், அதையொட்டிய சுவர்களின் பகுதிகளும் இடிந்து விழுந்தன. நகரில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். உஸ்மானிய சுல்தான் நான்காம் முராதின் ஆணைப்படி கஅபா மீண்டும் கட்டப்பட்டது. இன்று நாம் காணும் கட்டடம் பெரும்பாலும் அப்போது எழுப்பப்பட்டதேயாகும்.

1941-இல் மீண்டும் வெள்ளம். முன்னர்க் குறிப்பிட்ட புகைப்படம் அப்போது எடுக்கப்பட்டது. 1955-இல் தொடங்கிய சவூதி அரசின் முதல் விரிவாக்கப் பணியில், காட்டாற்று நீரைப் பள்ளிக்குள் புகவிடாமல் நிலத்தடிக் கால்வாய் வழியே மிஸ்ஃபலா பக்கம் கடத்தும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. அல்-மஹ்தீ மேற்பரப்பில் செய்ததை இவர்கள் நிலத்தடியில் செய்தனர். இடம் வேறு, கருவி வேறு, நியதி ஒன்றே.

ஜித்தா: மறந்துபோன வாதிகள்

மக்காவின் கடல் வாசலாகிய ஜித்தாவின் கதை வேறு விதமானது. முற்காலத்தில் ஜித்தா, மதில் சூழ்ந்த ஒரு சிறிய துறைமுக ஊர். நல்ல கிணறு இல்லாத அவ்வூர் மக்கள், மழைநீரைத் தொட்டிகளில் சேமித்தே பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். மழை அவர்களுக்கு விருந்தாளி. கிழக்கே உள்ள குன்றுகளிலிருந்து மேற்கே கடலை நோக்கி இறங்கும் வாதிகள், மதிலுக்கு வெளியே திறந்த வெளியில் பரந்து சென்றன.

1947-ஆம் ஆண்டில் இரு நிகழ்வுகள் நடந்தன. வாதி ஃபாத்திமாவிலிருந்து குழாய் வழியே ஜித்தாவுக்கு நீர் வந்தது. நகர மதிலும் இடிக்கப்பட்டது. முதலாவது நிகழ்வால் மழைநீர்த் தொட்டிகள் மறக்கப்பட்டன. இரண்டாவது நிகழ்வால் நகரம் கட்டுக்கடங்காமல் விரிந்தது. சில பதினாயிரம் மக்கள் வாழ்ந்த ஊர், 2010-க்குள் 30 இலட்சத்திற்கும் அதிகமானோர் வாழும் பெருநகரமாயிற்று. கிழக்கு நோக்கி விரிந்த குடியிருப்புகள் வாதிகளின் மேலேயே அமைந்தன. வறண்டு கிடந்த வாதிகள் மனைகளாகப் பிரிக்கப்பட்டன. வடக்கு தெற்காகச் செல்லும் நெடுஞ்சாலை, கிழக்கிலிருந்து வரும் நீருக்குக் குறுக்கே கரைபோல நின்றது. மழைநீர் வடிகால் நகரின் மிகச் சிறு பகுதியிலேயே இருந்தது. கழிவுநீருக்கும் முழுமையான குழாய் அமைப்பு இல்லை. டேங்கர் லாரிகளில் அள்ளிச் சென்று நகருக்குக் கிழக்கே கொட்டப்பட்ட கழிவுநீர் ஒரு ஏரியாகவே தேங்கியது. மக்கள் அதற்குக் கேலியாக ‘கஸ்தூரி ஏரி’ என்று பெயர் சூட்டினர்.

2009 நவம்பர் 25-ஆம் நாள். ஹிஜ்ரி 1430, துல்ஹஜ் பிறை 8. ‘ஜுஹாஃப்’ வெள்ளம் வந்த அதே பிறை. இடையில் 1,350 ஹிஜ்ரி ஆண்டுகள் கடந்திருந்தன. உலகெங்குமிருந்து வந்த ஹாஜிகள் மினாவுக்குச் சென்றுகொண்டிருந்த அன்று, ஜித்தாவில் 4 மணி நேரத்தில் சுமார் 90 மில்லிமீட்டர் மழை பெய்தது. அந்நகரம் ஓர் ஆண்டில் சராசரியாகப் பெறும் மழையைவிட இது அதிகம். மறந்துபோயிருந்த வாதிகள் தங்கள் பழைய வழியைத் தேடி வந்தன. கிழக்குப் பகுதியிலுள்ள குவைஸா முதலிய குடியிருப்புகள் நீரில் மூழ்கின. வாகனங்களுக்குள்ளேயே பலர் சிக்கிக்கொண்டனர். 120-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இறந்தவர்களில் பலர், குறைந்த விலையில் கிடைத்த மனைகளில் வீடு கட்டியவர்களும் குறைந்த வாடகைக்குக் குடியிருந்த அயல்நாட்டுத் தொழிலாளர்களும் ஆவர். நீரின் வழியில் உள்ள நிலம்தான் எந்த நகரத்திலும் மலிவாகக் கிடைக்கிறது. ஆகவே நகரம் செய்யும் தவறுக்கு எளியவர்களே முதலில் உயிரை விலையாகக் கொடுக்கிறார்கள். அன்று பாகிஸ்தானைச் சேர்ந்த எளிய மனிதர் ஒருவர், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெள்ளத்தில் மீண்டும் மீண்டும் இறங்கி 14 உயிர்களைக் காப்பாற்றிவிட்டு, அடுத்தவரைக் காப்பாற்றச் சென்றபோது தாமே அடித்துச் செல்லப்பட்டார். சவூதி, பாகிஸ்தான் ஆகிய இரு நாட்டு அரசுகளும் அவர் மறைவுக்குப் பின் விருது வழங்கிச் சிறப்பித்தன.

மன்னர் அப்துல்லாஹ் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். உயிரிழந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரியால் வழங்க ஆணையிட்டார். வாதிகளில் மனை பிரிக்க அனுமதி வழங்கியது, வடிகால் பணிகளில் முறைகேடு செய்தது முதலிய குற்றச்சாட்டுகளின் பேரில் அதிகாரிகளும் ஒப்பந்ததாரர்களும் எனப் பலர் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். அதற்குள் 2011 ஜனவரி 26-இல் மீண்டும் பெருமழை. 3 மணி நேரத்தில் சுமார் 111 மில்லிமீட்டர். உம்முல் கைர் பகுதியில் இருந்த மண் அணை உடைந்தது. மேலும் பல உயிர்கள் பலியாயின.

மாற்று வழி கொடுத்த பிறகு

இதன் பின்னரே நிலையான தீர்வுக்கான பணிகள் விரைந்தன. கஸ்தூரி ஏரி வற்ற வைக்கப்பட்டது. கிழக்கே வாதிகளின் குறுக்கே தடுப்பணைகள் கட்டப்பட்டன. அவற்றில் தேங்கும் நீரைக் கடலுக்குக் கொண்டுசேர்க்கும் கால்வாய்கள் அகலப்படுத்தப்பட்டன, புதியனவும் வெட்டப்பட்டன. 1,200 ஆண்டுகளுக்கு முன் அல்-மஹ்தீ முதலில் செய்ததை, ஜித்தா கடைசியில் செய்தது.

2022 நவம்பர் 24-இல் சோதனை வந்தது. ஜித்தாவின் தென்பகுதியில் 6 மணி நேரத்தில் 179 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 2009-இன் அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. சாலைகள் மூழ்கின; விமானங்கள் தாமதமாயின; மக்கா செல்லும் சாலை சிறிது நேரம் மூடப்பட்டது. இருவர் உயிரிழந்தனர். ஓர் உயிரும் இழப்பே. ஆயினும் 120-க்கும் மேற்பட்ட உயிர்கள் போன நாளோடு ஒப்பிடும்போது, செய்த பணி வீண்போகவில்லை என்பது தெளிவாகும். அதேவேளையில், பணி முடிந்துவிட்டது என்று எவரும் கூற முடியாது என்பதையும் மூழ்கிய சாலைகள் உணர்த்தின.

தலைநகர் ரியாத் வேறொரு வழியைக் காட்டியது. அந்நகரையொட்டி ஓடும் வாதி ஹனீஃபா 120 கிலோமீட்டர் நீளமுடையது. பல்லாண்டுகளாகக் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டு, கல்லும் மண்ணும் அள்ளப்பட்டுச் சீரழிந்திருந்த அந்தக் காட்டாற்றை, 2001 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் உழைத்து மீட்டெடுத்தனர். குப்பைகள் அகற்றப்பட்டன. வெள்ளம் தடையின்றி ஓடத் தக்கவாறு அதன் சரிவு சீரமைக்கப்பட்டது. கரைகளில் பேரீச்சை உள்ளிட்ட மரங்கள் நடப்பட்டன. நகரிலிருந்து வரும் நீர் இயற்கை முறையில் தூய்மையாக்கப்படுகிறது. மழை இல்லாத நாட்களில் அது மக்கள் குடும்பத்தோடு உலாவும் பூங்கா. மழை நாளில் நீர் செல்லும் வழி. 2010-இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது இப்பணிக்கு வழங்கப்பட்டது. நீரின் வழியில் வீடு கட்டுவதற்குப் பதிலாக, அவ்வழியைப் பொது இடமாக்கினால், அதனை யாரும் மறக்கவும் முடியாது, விற்கவும் முடியாது.

பழைய அளவு போதாது

முன்னோர் காலத்திற்கும் நம் காலத்திற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அக்காற்று சுமந்து செல்லக்கூடிய ஈரம் சுமார் 7 விழுக்காடு கூடுகிறது என்பது இயற்பியல் கூறும் உண்மை. உலகம் வெப்பமடைவதால், பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டும் மழை பல பகுதிகளில் வலுத்து வருகிறது. ஆகவே பழைய மழைக் கணக்கை வைத்துக் கட்டப்பட்ட வடிகால்கள், புதிய மழைக்குப் போதாமற் போகின்றன.

நம் சகோதரர்கள் பலர் பணிபுரியும் ஐக்கிய அரபு அமீரகத்தில் 2024 ஏப்ரல் 16-ஆம் நாள் பெய்த மழையே இதற்குச் சான்று. அல்-ஐன் அருகில் ஓரிடத்தில் 24 மணி நேரத்திற்குள் 254 மில்லிமீட்டர் பெய்தது. 1949-இல் பதிவேடுகள் தொடங்கியதிலிருந்து அந்நாடு காணாத மழை அது. துபாய் விமான நிலையத்தின் ஓடுதளங்கள் ஏரிபோல் காட்சியளித்தன. அதன்பின் அந்நகரம் 3,000 கோடி திர்ஹம் மதிப்பிலான மழைநீர் வடிகால் திட்டத்தை 2033-க்குள் முடிப்பதாக அறிவித்துள்ளது.

லிபியாவின் தெர்னா நகரம் கற்றுத்தரும் பாடமோ கண்ணீரை வரவழைப்பது. அதுவும் ஒரு வாதியின் முகத்துவாரத்தில் அமைந்த ஊர். 1970-களில் கட்டப்பட்ட இரு அணைகள் அதனைக் காத்து நின்றன. அவற்றின் நிலை கவலைக்குரியது என்று லிபிய நீரியல் அறிஞர் ஒருவர் 2022-இல் ஆய்வுக் கட்டுரை எழுதி எச்சரித்தார். அடுத்த ஆண்டே, 2023 செப்டம்பரில், புயல் மழையில் அவ்விரு அணைகளும் நள்ளிரவில் உடைந்தன. ஆயிரக்கணக்கானோர் உறக்கத்திலேயே கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டனர். அங்கேயும் ஒருவர் கயிறு அளந்து வைத்திருந்தார். ஆனால் “அளந்தவர் யாரேனும் உண்டா?” என்று கேட்பாரில்லை. அணை கட்டுவது ஒரு முறை செய்யும் வேலை. அதைப் பேணுவது நாள்தோறும் செய்யும் வேலை. இரண்டாவதை விட்டுவிட்டால், காக்க வந்த அணையே கூற்றுவனாக மாறிவிடும்.

நிறைவாக

மக்காவின் வரலாறு நமக்குத் தருகின்ற பாடம் எளிமையானது. மழையை நிறுத்த மனிதனால் இயலாது. வெள்ளத்தை முற்றாகத் தடுக்கவும் இயலாது. ஆனால் நீர் எவ்வழியே வரும், எவ்வளவு உயரம் வரும் என்று அளந்து வைக்க இயலும். அந்த வழியில் வீடு கட்டாமல் இருக்க இயலும். கட்டியே ஆகவேண்டுமெனில், அதற்கு முன் நீருக்கு மாற்று வழி கொடுக்க இயலும். கொடுத்த வழியைத் தூர்ந்துபோகாமல் காக்க இயலும். பொறியியல் எவ்வளவு வளர்ந்தாலும், இந்த நான்கிற்கு அப்பால் புதிதாக ஏதுமில்லை.

அளப்பதற்குப் பெரும் பொருள் தேவையில்லை என்பதையும் அந்தக் கயிறு நமக்குச் சொல்கிறது. கடந்த பெருமழையின்போது நம் தெருவில் நீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்த வீட்டின் எந்தப் படி வரை ஏறியது, எத்தனை நாளில் வடிந்தது என்பவற்றை அறிந்த பெரியவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் நினைவில் உள்ளதைக் கேட்டு, ஜமாஅத் பதிவேட்டில் எழுதி வைப்பது ஒரு மாலைப்பொழுதில் முடியக்கூடிய வேலை. புதிதாக மனை வாங்குகிறவர், கட்டடம் எழுப்புகிறவர், வடிகால் கேட்டு மனு எழுதுகிறவர் ஆகிய அனைவருக்கும் அப்பதிவு பயன்படும்.

அடுத்த முறை ஹரம் ஷரீஃபுக்குச் செல்லும் பேறு பெறுவோர், மகாமு இப்ராஹீமின் அருகே நிற்கும்போது, அது இன்று அவ்விடத்தில் நிற்பதற்கு ஒரு கயிறும் ஒரு துணையாக இருந்தது என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்ப்பார்களாக. வெள்ளம் வந்த அன்று எடுத்த அளவன்று அது. வானம் தெளிந்திருந்த ஒரு நாளில் எடுத்து வைத்த அளவு.